தலைமுடியில் படிந்த புகை: ஒரு கல்லூரி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

தாளாளர் அவர்களுக்கும், முதல்வர் அவர்களுக்கும், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவினருக்கும்,

மாசி முதல் வாரத்தில் என் மகனை ஒரு செமஸ்டர் இடைநீக்கம் செய்தீர்கள். விடுதியை அன்றைக்கே காலி செய்யச் சொன்னீர்கள். பெட்டியையும் பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு அவன் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது இரவு ஒன்பதரை மணி. கையில் உங்கள் கடிதம். "தலைமுடிப் பரிசோதனையில் மாணவர் கஞ்சா பயன்படுத்தியது உறுதியாகியுள்ளது" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. ஏன் என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இதற்கு முன் நேரில் இரண்டு முறை வந்தேன். முதல் முறை முதல்வர் ஊரில் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை பத்து நிமிடம் கிடைத்தது. "லேப் ரிப்போர்ட்டே சொல்லுதேம்மா, நாங்க என்ன பண்ண முடியும்?" என்று கேட்டு அனுப்பிவிட்டீர்கள். இரண்டு மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. என் மகனைப் போல இன்னும் சில பிள்ளைகளுக்கும் அதே நாளில் அதே கடிதம் போயிருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. அதில் ஒரு பெண்பிள்ளையின் அப்பா என்னிடம் போனில் பேசும்போது அழுதார். தனியாக எழுதிப் பயனில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

நான் காரைக்குடியில் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் 21 வருடமாக டெக்னீஷியன். ரத்தம், சிறுநீர், சளி எல்லாம் என் கை வழியாகப் போகிறவை. முடி எங்கள் லேப்பில் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது என்ன, எழுதாமல் விட்டிருப்பது என்ன என்று படிக்கத் தெரியும். உங்கள் கடிதத்தோடு அந்த ரிப்போர்ட்டை நீங்கள் இணைக்கவில்லை. 23 நாள் கேட்டுக் கேட்டுத்தான் அதன் நகல் கிடைத்தது.

அதில் "பயன்படுத்தினார்" என்ற சொல்லே இல்லை. முடியின் நீளம் 13 சென்டிமீட்டர். கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. ஒரு மில்லிகிராம் முடியில் 0.09 நானோகிராம், பாசிட்டிவ். அதற்குக் கீழே, கார்பாக்ஸி டி.எச்.சி.: சோதிக்கப்படவில்லை. இவ்வளவுதான். "உறுதியாகியுள்ளது" என்ற சொல்லை லேப் எழுதவில்லை. நீங்கள்தான் சேர்த்திருக்கிறீர்கள்.

அந்த டி.எச்.சி. எப்படி அவன் முடிக்கு வந்தது என்று உங்கள் விடுதிப் பதிவேட்டிலேயே இருக்கிறது.

போன ஆடி மாதம் இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது அவனுக்கு மூன்று பேர் தங்கும் அறை கொடுத்தீர்கள். பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருக்கும் அறை. ஜன்னல் ஒன்றுதான். அதுவும் கொசுவுக்காக வலை அடித்து, அட்டை வைத்து மூடியது. அறையில் இருந்த இன்னொரு பையன் இரவில் கஞ்சா புகைப்பான். கதவைச் சாத்திக்கொண்டுதான் புகைப்பான், வாடை வராந்தாவுக்குப் போய்விடக் கூடாதே. முதலில் வாரத்துக்கு ஒரு நாள், அப்புறம் ஏறக்குறைய தினமும். என் மகன் போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திப் படுத்திருக்கிறான். சில நாள் பாயை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போயிருக்கிறான். மாடிக் கதவை வாட்ச்மேன் பத்து மணிக்குப் பூட்ட ஆரம்பித்ததும் அதுவும் நின்றுபோனது.

புரட்டாசியில் வார்டனிடம் எழுத்தாகவே கொடுத்தான், அறையை மாற்றித் தாருங்கள் என்று. கூட இருப்பவனை மாட்டிவிட மனமில்லாமல் "புகை ஒத்துக்கொள்ளவில்லை, இரவில் தூங்க முடியவில்லை" என்று எழுதியிருக்கிறான். பதில் இல்லை. தீபாவளி கழிந்து வார்டனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினான். இந்த முறை என்ன புகை என்பதையும் சொன்னான். "செமஸ்டர் முடியட்டும், பார்க்கலாம்" என்று வார்டன் பதில் போட்டிருக்கிறார். அந்தச் செய்தி, தேதியோடும் நேரத்தோடும், என்னிடம் இருக்கிறது. தை மாதம் நீங்கள் எல்லோருடைய முடியையும் வெட்டினீர்கள்.

புகையைப் பற்றிப் புகார் கொடுத்தவன் முடியில் புகை இருந்தது. அதற்காக அவனைத் தண்டித்திருக்கிறீர்கள்.

அறையில் புகைத்த பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவன் மிலிட்டரி கட் அடித்திருந்ததால் "மாதிரி போதவில்லை" என்று குறித்து விட்டுவிட்டார்களாம். அந்தப் பிள்ளையைத் தண்டியுங்கள் என்று கேட்க நான் இதை எழுதவில்லை. அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான், அவனுக்கு வேண்டியது வைத்தியம். நீளமாக முடி வைத்திருந்தவன் மாட்டினான், ஒட்ட வெட்டியிருந்தவன் தப்பினான் என்று ஆகிவிட்டால் அந்தச் சோதனை எதை அளந்தது என்று மட்டும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

முடி புகையைப் பிடிக்கும் என்பதற்கு இந்த ஊரில் யாருக்கும் ஆராய்ச்சிக் கட்டுரை தேவையில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்துவிட்டு, முற்றத்தில் உட்கார்ந்து, தூபக்காலில் கங்கு போட்டு அதன்மேல் சாம்பிராணி தூவி, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஈர முடியை விரித்து உலர்த்துவோம். என் மாமியார் இன்றைக்கும் அப்படித்தான். அடுத்த தலைமுழுக்கு வரை அந்த வாசனை போகாது. தலையணை உறையில் இருக்கும், மடியில் படுத்த பேரப்பிள்ளையின் தலையிலும் இருக்கும். அந்தக் குழந்தை சாம்பிராணிக்குப் பக்கத்திலேயே போயிருக்காது.

டி.எச்.சி. அதைவிட ஒட்டும் பொருள். தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். என் மகன் தினமும் தேங்காய் எண்ணெய் வைப்பவன். கஞ்சாப் புகையில் வெட்டிய முடியை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2004இல் ஜெர்மனியில் வந்தது. உலர்ந்த முடி, ஈர முடி, வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஏறிய முடி, ரசாயனம் பட்ட முடி என்று பிரித்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு படிகிறது, கழுவினால் எவ்வளவு போகிறது என்பதெல்லாம் முடியின் நிலையைப் பொறுத்து மாறியது. உங்கள் ரிப்போர்ட்டில் முடியைக் கழுவினார்களா, எதில் கழுவினார்கள், கழுவிய திரவத்தில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

அடுத்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இந்த வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது.

கஞ்சாப் புகையில் இருப்பது டி.எச்.சி. அதை ஒருவர் உள்ளே இழுத்தால் ஈரல் அதை மாற்றி கார்பாக்ஸி டி.எச்.சி. என்ற வேறொரு பொருளாக்குகிறது. புகையில் இந்த இரண்டாவது பொருள் கிடையாது, உடம்புக்குள்தான் உண்டாகிறது. ஆக முடியில் டி.எச்.சி. மட்டும் இருந்தால் அது பக்கத்திலிருந்த புகையிலிருந்தும் வந்திருக்கலாம், புகைத்தவரின் கை பட்டும் வந்திருக்கலாம். முடிப் பரிசோதனைக்கென்றே உள்ள சர்வதேச அறிவியல் சங்கம், ஒருவர் கஞ்சா உட்கொண்டார் என்று சொல்வதற்கு இந்தக் கார்பாக்ஸி டி.எச்.சி.யைத் தேடச் சொல்கிறது. டி.எச்.சி.க்கு அவர்கள் வைத்திருக்கும் வரம்பு மில்லிகிராமுக்கு 0.05 நானோகிராம். கார்பாக்ஸிக்கு 0.2 பிக்கோகிராம். ஆயிரம் பிக்கோகிராம் சேர்ந்தால் ஒரு நானோகிராம். அப்படியானால் இரண்டாவது வரம்பு முதலாவதைவிட 250 மடங்கு சிறியது. அவ்வளவு நுண்ணிய அளவைப் பிடிக்க விலை உயர்ந்த கருவியும், அதில் பழகிய கையும் வேண்டும். அந்தப் பரிசோதனையைத்தான் உங்கள் லேப் "சோதிக்கப்படவில்லை" என்று ஒதுக்கியிருக்கிறது.

என் மகனின் டி.எச்.சி. அளவு வரம்புக்கு மேல்தான் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. அடைத்த அறையில், ஆறு மாதம், எண்ணெய் வைத்த தலை. வரம்பைத் தாண்டாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

ஜெர்மனியின் ஃபிரைபுர்க் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2015இல் "சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்" இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முடியில் கன்னாபினாய்டு, அதாவது டி.எச்.சி. போன்ற கஞ்சாப் பொருள், இருப்பது கஞ்சா உட்கொண்டதற்குச் சான்று ஆகாது என்பதுதான் அதன் தலைப்பே. டி.எச்.சி.யை மருந்தாக ஒரு மாதம் தினமும் விழுங்கிய ஆட்களின் முடியைப் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தின் வழியாக டி.எச்.சி. முடிக்குள் சொல்லிக்கொள்ளும் அளவுக்குச் சேரவே இல்லை. இதை நான் மூன்று தடவை படித்தேன். அப்படியானால் புகைப்பவர் முடியில் கிடைக்கும் டி.எச்.சி.யும் பெரும்பாலும் வெளியிலிருந்து, அவருடைய புகையிலிருந்தும் கையிலிருந்தும் வந்து படிந்ததுதான். ஒரே அறையில் புகைத்தவன் முடியும் புகைக்காதவன் முடியும் ஒரே வழியில்தான் அதை வாங்கிக்கொள்கின்றன. அளவில் வித்தியாசம் இருக்கலாம், அவ்வளவுதான்.

இதே கட்டுரையில் எனக்கு வசதியில்லாத ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கார்பாக்ஸி டி.எச்.சி. வியர்வையிலும் தோலின் எண்ணெய்ப் பசையிலும் கலந்து வெளியே வரும், அதனால் புகைப்பவரின் உடம்பிலிருந்து இன்னொருவரின் முடிக்கு அதுவும் ஒட்டிப் போகலாம் என்கிறார்கள். ஒரே தலையணை, ஒரே துண்டு, ஒரே சீப்பு என்று இருக்கும் ஹாஸ்டலில் இது நடக்காத காரியம் இல்லை. எனவே இரண்டாவது சோதனையைச் செய்து அது பாசிட்டிவ் என்று வந்தால்கூட யோசித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். நெகட்டிவ் என்று வந்தால் அதை மட்டும் காட்டி "என் பிள்ளை தொட்டதே இல்லை" என்று நானும் மார்தட்ட முடியாது. எப்போதாவது ஒன்றிரண்டு முறை புகைத்தவர் முடியில் பல வேளை எதுவுமே கிடைப்பதில்லை. முடி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நீங்களும் குற்றம் சொல்ல முடியாது, நானும் நிரபராதி என்று சொல்ல முடியாது. அதனால்தான் அவன் கொடுத்த புகார்க் கடிதத்தையும் தேதிகளையும் பாருங்கள் என்று மன்றாடினேன். குழு விசாரணையில் அவனைப் பேச விட்டது நான்கு நிமிடம். புகார்க் கடிதம் கோப்பில் இல்லை என்றார்கள்.

மாதிரி எடுத்த விதத்தையும் அவன் சொன்னான். செமினார் ஹாலில் நாற்பது பேரை வரிசையில் நிறுத்தி, ஒரே கத்தரிக்கோலால், துடைக்காமல்கூட, அடுத்தடுத்து வெட்டியிருக்கிறார்கள். வேர்ப் பக்கம் எது, நுனிப் பக்கம் எது என்று கட்டிக் குறிக்கவில்லை. பிளாஸ்டிக் கவரில் போட்டு மேலே பேனாவால் பெயர் எழுதியிருக்கிறார்கள். முறையாக எடுப்பதென்றால் உச்சந்தலையின் பின்பகுதியில், தோலை ஒட்டி, பென்சில் கனத்துக்கு ஒரு கற்றை வெட்டி, வேர்ப் பக்கத்தை நூலால் கட்டி, அலுமினியத் தாளில் மடித்து, கொடுத்தவர் கண் முன்னே சீல் வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு பகுதியைப் பிரிக்காமல் தனியாக வைக்க வேண்டும், மறுசோதனை கேட்டால் அதுதான் பேசும். எங்கள் லேப் சின்ன லேப்தான். குழாயில் பெயர் சரியாக இல்லையென்றால் அந்த ரத்தத்தை நாங்கள் தொடுவதில்லை, மறுபடி வரச் சொல்வோம். வருகிறவர் திட்டுவார், வாங்கிக்கொள்வோம்.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும், ஆளுக்கு ஆள் மாறும். "கடந்த மூன்று மாதப் பயன்பாடு" என்று உங்கள் கடிதம் சொல்கிறது. மூன்று மாதம் என்றால் வேரிலிருந்து நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவு. உங்கள் லேப் 13 சென்டிமீட்டரையும் சேர்த்து ஒன்றாக அரைத்திருக்கிறது. நுனியில் இருந்த முடி, அவன் அந்த அறைக்குப் போவதற்கு முன்னால், என் வீட்டில் இருந்தபோது வளர்ந்தது. துண்டு துண்டாகப் பார்த்திருந்து, அந்த நுனியிலும் டி.எச்.சி. இருந்திருந்தால், அது பிற்பாடு வெளியிலிருந்து படிந்ததா என்ற கேள்வியாவது எழுந்திருக்கும். அரைத்தாகிவிட்டது. மீதம் எதுவும் வைக்கவில்லை என்று லேப்பில் சொன்னார்கள்.

ஒரு பாசிட்டிவை எப்படி நடத்த வேண்டும் என்று எங்கள் தொழிலில் பழக்கியிருக்கிறார்கள். வைடல் டெஸ்ட் பாசிட்டிவ் என்றதும் டைபாய்டு என்று முடிவு கட்டினால் பாதி ஊருக்கு டைபாய்டு என்று ஆகிவிடும். அறிகுறி எதுவும் இல்லாத ஒருவருக்கு ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்று அறிவிக்க, நம் நாட்டின் வழிகாட்டுதல்படி, மூன்று வெவ்வேறு கிட்களில் பாசிட்டிவ் வந்தாக வேண்டும். ஒருவரின் வாழ்க்கையைத் திருப்பிப் போடும் செய்தி என்பதால்தான் அந்த நிதானம். 19 வயதுப் பையனைக் கஞ்சாக்காரன் என்று எழுதிக் கொடுப்பதும் அப்படிப்பட்ட செய்திதான்.

அன்றைக்கே அவனிடம் சிறுநீரும் வாங்கியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், புகைக்காதவர்களைப் புகைப்பவர்களோடு அடைத்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. காற்றே புகாத அறையில்கூட, வழக்கமாக வைக்கும், மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் என்ற வரம்பை ஒரே ஒருவரின் சிறுநீர்தான் தாண்டியது. மின்விசிறியும் காற்றோட்டமும் இருந்தபோது யாரும் தாண்டவில்லை. பக்கத்தில் இருந்தவனையும் புகைத்தவனையும் பிரித்துக் காட்டுவதில் முடியைவிடச் சிறுநீர் எவ்வளவோ மேல். அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர்களுக்கு முடிப் பரிசோதனை கொண்டுவரலாம் என்று 2020இல் அவர்கள் வெளியிட்ட வரைவிலும், முடியோடு சிறுநீரோ எச்சிலோ சேர்ந்து இருக்க வேண்டும் என்றுதான் எழுதினார்கள். ரிப்போர்ட் வந்தது மாதிரி எடுத்த 19ஆம் நாள். அதற்குப் பிறகு நான் சிறுநீர் எடுத்துப் பார்த்தேன், நெகட்டிவ். அதை உங்களிடம் காட்டவில்லை. எப்போதாவது புகைப்பவருக்குச் சிறுநீரில் சில நாள்தான் நிற்கும், அதனால் அது எதையும் நிரூபிக்காது என்று எனக்கே தெரியும்.

முடிப் பரிசோதனையை அப்படியே நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு டொரண்டோ இருக்கிறது. நம் தமிழர்கள் இத்தனை பேர் வாழும் ஊர். அங்கே குழந்தைகள் மருத்துவமனையில் இயங்கிய மதரிஸ்க் என்ற லேப், பெற்றோரின் முடியைச் சோதித்துப் போதைப்பொருள், மது என்று ரிப்போர்ட் கொடுத்துவந்தது. அதை வைத்துக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சூசன் லாங் விசாரித்து, 2005 முதல் 2015 வரை அந்த லேப் செய்த முடிப் பரிசோதனைகள் குழந்தைப் பாதுகாப்பு வழக்குகளுக்கும் குற்ற வழக்குகளுக்கும் போதுமானவையும் அல்ல, நம்பத்தக்கவையும் அல்ல என்று 2015 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார். அடுத்து வந்த ஆணையம் 1,271 வழக்குகளைப் பார்த்து, 56இல் அந்தப் பரிசோதனை முடிவையே கணிசமாகப் பாதித்திருந்தது என்று 2018இல் சொன்னது. பிரிந்த குழந்தைகளில் பலர் தத்துக் கொடுக்கப்பட்டிருந்தார்கள், திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அத்தனை பேரும் படித்தவர்கள், பெரிய மருத்துவமனை, நீதிமன்றம். லேப் ரிப்போர்ட் சொல்கிறதே என்றுதான் அவர்களும் இருந்திருக்கிறார்கள்.

விடுதியில் கஞ்சா நுழையக் கூடாது என்ற உங்கள் கவலையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நானும் பயந்துதான் பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பினேன். எங்கள் தெருவிலேயே அந்தப் பழக்கத்தால் படிப்பை விட்ட பையன் இருக்கிறான். ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமே, அடிமையானவர் தானாக வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. 64ஏ பிரிவு. 14446 என்று இலவச உதவி எண் இருக்கிறது. உங்கள் அறிவிப்புப் பலகையில் அந்த எண் இல்லை. இடைநீக்கம் ஆனவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் ஒரு வாரம் தொங்கியது.

அந்தப் பட்டியலை யாரோ போட்டோ எடுத்து அனுப்பி, அது எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. என் மாமியார் மூன்று நாள் கோவிலுக்குப் போகவில்லை.

அவன் ஏன் முடி வளர்த்தான் என்று விசாரணையில் ஒருவர் கேட்டாராம். "இந்தக் கோலத்தில் இருப்பவன் இதெல்லாம் செய்யமாட்டானா?" என்று இன்னொருவர் சொன்னாராம். அதற்குப் பதில் நான் சொல்கிறேன். பள்ளிக்கூடம் படிக்கும்போது அவனுக்கு டெங்கு வந்து தட்டணுக்கள் பதினைந்தாயிரத்துக்கு இறங்கின. அந்தக் கணக்கை எடுத்ததே நான்தான், என் லேப்பில், என் கையால். அன்றைக்கு அவன் அப்பத்தா குன்றக்குடி சண்முகநாதனிடம் வேண்டிக்கொண்டார்கள்: பிள்ளை பிழைத்து, கல்லூரிக்குப் போய் முதல் வருடம் முடித்ததும், ஒரு வருடம் கத்தி படாமல் வளர்த்து மலையில் முடி இறக்குவதாக. போன பங்குனியிலிருந்து அவன் முடி வெட்டவில்லை. இந்தப் பங்குனி உத்திரத்துக்கு மொட்டை என்று வைத்திருந்தோம். அந்த முடியைத்தான் நீங்கள் வெட்டிச் சோதித்தீர்கள்.

இப்போது எங்களால் மொட்டை போடவும் முடியவில்லை. முடியை இறக்கிவிட்டால் "ஆதாரத்தை அழித்துவிட்டார்கள்" என்பீர்கள். இறக்காவிட்டால் சாமிக்குச் சொன்ன வாக்குத் தவறும். அப்பத்தாவுக்கு 78 வயது. தினமும் அவன் தலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுகிறார்கள்.

நான் கேட்பது இவை.

என் மகன் மேல் போட்ட உத்தரவை எழுத்து மூலமாக ரத்து செய்யுங்கள். "கஞ்சா பயன்படுத்தியது உறுதியாகியுள்ளது" என்ற வரியை அவன் கோப்பிலிருந்து நீக்கி, நீக்கியதற்கான கடிதத்தை அவனிடம் கொடுங்கள். சித்திரையில் வரும் செமஸ்டர் தேர்வை அவன் எழுத வேண்டும். விடுபட்ட நாட்களின் வருகைப் பதிவு அதற்குத் தடையாக நிற்கக் கூடாது. அவனைப் போலவே டி.எச்.சி. ஒன்றை மட்டும் வைத்துத் தண்டிக்கப்பட்ட மற்றப் பிள்ளைகளின் கோப்புகளையும், தடய அறிவியல் படித்த, கல்லூரிக்கு வெளியே உள்ள ஒருவரை வைத்துப் பாருங்கள். பெயர்ப் பட்டியலை ஒட்டியதற்கு அந்தக் குடும்பங்களிடம் வருத்தம் தெரிவியுங்கள்.

இனிமேலும் சோதனை செய்வீர்களானால், முடியை மட்டும் வைத்து யாரையும் வெளியேற்றுவதில்லை என்று முதலில் விதி எழுதுங்கள். அதே நாளில் சிறுநீரும் எடுக்க வேண்டும். கார்பாக்ஸி டி.எச்.சி. பார்க்கும் வசதியும், அந்தச் சோதனைக்கே அங்கீகாரமும் உள்ள லேப்பாக இருக்க வேண்டும். மாதிரியில் பாதி சீல் வைத்து இருப்பில் இருக்க வேண்டும், மறுசோதனைக்கு அது மாணவரின் உரிமை. முழு ரிப்போர்ட் முதலில் மாணவருக்கும் பெற்றோருக்கும் வர வேண்டும், குழு அதற்குப் பிறகு கூடட்டும். சேர்க்கையின்போது "தேவைப்படும் மருத்துவப் பரிசோதனைகளுக்குச் சம்மதம்" என்று எங்களிடம் வாங்கிய பொதுவான கையெழுத்தை இதற்குச் சம்மதம் என்று காட்டாதீர்கள்.

அறையில் புகை இருக்கிறது என்று ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்தால் மூன்று நாளுக்குள் அறை மாற்றித் தாருங்கள், கொடுத்ததற்கு ரசீது தாருங்கள். புரட்டாசியில் கொடுத்த கடிதம் எங்கே போனது என்று வார்டனிடம் கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.

பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்னதாக உங்கள் பதில் எனக்கு எழுத்தில் வேண்டும். மறுசோதனை வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அதற்குள் ஆளை அனுப்புங்கள். முறைப்படி எடுக்கட்டும், நானும் பக்கத்தில் நிற்பேன். அதுவரை அவன் தலையில் கத்தி படாது. அன்றைக்கு விடியற்காலையில் நாங்கள் குன்றக்குடி மலையேறிவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவனின் அம்மா,
காரைக்குடி